அளவு ஜாக்கெட்

ஜாக்கெட் தைக்கப் போனால் டெய்லர் கேட்கிற முதல் கேள்வி, "அளவு ஜாக்கெட் கொண்டாந்திருக்கீங்களா?" என்பதுதான். துணியோடு அதையும் சுருட்டிப் பையில் போட்டுக் கொண்டு போய்க் கொடுத்தால் வேலை முடிந்தது. கழுத்து இத்தனை இறக்கம், கை இத்தனை நீளம் என்று வாய் திறக்கவே வேண்டியதில்லை. கல்யாணமாகி 20 வருஷம் நானும் அப்படித்தான் ஓட்டினேன். அறுந்த கொக்கியைத் திரும்பத் தைப்பதோடு சரி, என் தையல் ஞானம்!

2021 கடைசியில் ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லையே, ஏதோ கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். சகோதரிகளே, இந்தத் தப்பை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். வலிக்கவில்லை என்பதற்காகக் கட்டியைச் சும்மா விடக் கூடாது. 2022 மார்ச்சில் ஆபரேஷன் செய்து இடது மார்பையே எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். அப்புறம் மருந்து ஏற்றியது, கரண்ட் வைத்தது என்று எட்டு மாதம் ஓடியது. பிழைத்து எழுந்தேன். முடியும் திரும்ப முளைத்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். எனக்கு மட்டும் பீரோவைத் திறந்தால் வயிற்றைக் கலக்கும். இருந்த 18 ஜாக்கெட்டில் ஒன்றைக்கூடப் போட முடியவில்லை. இடது பக்கம் தொளதொளவென்று தொங்கும். ஆனால் அதே பக்கம் கை மட்டும் இறுக்கிப் பிடிக்கும். நைட்டியைப் போட்டு மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டோடு கிடந்தேன். கோயில் இல்லை, விசேஷம் இல்லை.

அந்தத் தீபாவளிக்கு அவர் ஒரு புடவை எடுத்து வந்தார். ஜாக்கெட் துணியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எங்கள் தெரு டெய்லர் நல்ல மனிதர். 15 வருஷமாக எங்களுக்குத் தைக்கிறவர். ஆனால் கடை வாசலில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அளவு ஜாக்கெட் கேட்பாரே, என்னவென்று சொல்வது? பாதித் தெருவிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

கூடத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் ஜன்னலோரம் இருந்த கால் மிஷின் மேலிருந்த அரிசி டப்பா, பழைய பேப்பர் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"இங்க வாத்தா. எனக்குக் கண்ணு தெரியல. உனக்குக் கை தூக்க வரல. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளுக்குக் காணும்ல? உக்காரு."

அந்த உஷா மிஷின் 1972-ல் அத்தைக்குக் கல்யாணச் சீராக வந்தது. மதுரைக்காரர்களுக்குப் புது மண்டபம் தெரியாமல் இருக்காது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே வரிசையாக மிஷின் போட்டு டெய்லர்கள் தைத்துக்கொண்டிருப்பார்கள். சின்ன வயதில் அங்கே நின்று வேடிக்கை பார்த்தே பாதித் தையலைக் கற்றுக்கொண்டதாக அத்தை சொல்வார். அந்தக் கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. கொக்கி, நூல், லைனிங் துணி எல்லாம் அங்கேதான் வாங்கி வந்தேன். கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த மருத்துவமனைப் பெண்ணிடம் முன்னதாகவே கேட்டேன். "கொஞ்சம் கொஞ்சமாகத் தையுங்கள், கை அசைவது நல்லதுதான்" என்றார்.

முதல் வாரம் நூலே கிடையாது. வெறும் ஊசியை மாட்டி, பழைய செய்தித்தாளில் அச்சு வரி போகிற வழியிலேயே ஓட்டச் சொன்னார் அத்தை. காலை மிதித்தால் சக்கரம் முன்னால் போவதற்குப் பதில் பின்னால் போகும். நூல் கோத்த பிறகு அப்படிப் போனால் அடியில் சிக்கு விழுந்து படக்கென்று அறுந்துவிடும். சக்கரத்தைக் கையால் நம் பக்கமாக ஒரு சுற்று தள்ளிவிட்டு, அதன்பின் மிதிக்க வேண்டும் என்பது பிடிபடவே நாலு நாளாயிற்று.

கை ஊசிக்குக் காது பின்னால். மிஷின் ஊசிக்கோ குத்துகிற நுனியிலேயே காது! 1846-ல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் காப்புரிமை வாங்கிய மிஷினிலேயே இப்படித்தானாம், என் பெண் படித்துச் சொன்னாள். அதனால்தான் மேல் நூல் துணிக்குள் இறங்கி, அடியில் பாபின் நூலோடு பின்னிக்கொள்கிறது.

இரண்டாவது வாரம் அவருடைய கிழிந்த வேட்டியில் நேர் தையல். மூன்றாவது வாரம் தலையணை உறை. அடுத்தது ஜாக்கெட் என்றதும் என் பெண் போனில் வீடியோ போட்டுக் காட்டினாள். "மார்புச் சுற்றளவை நாலால் வகுத்துக் கொள்ளுங்கள்" என்று அதில் ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் போனை மூடி வைத்துவிட்டேன். என் உடம்பு இனிமேல் நாலால் வகுபடாது. அன்றைக்கு அடுப்படியில் நின்று நன்றாக அழுதேன்.

மறுநாள் மத்தியானம் அத்தை அறைக்கதவைச் சாத்தினார். கையில் இஞ்ச் டேப்.

"நாலால வகுக்க வேணாம்த்தா. ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா அளப்போம். நீ எழுதிக்க."

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரும் நர்ஸும் தவிர யாரும் என்னைப் பார்த்ததில்லை. நானே கண்ணாடியில் பார்த்துக்கொண்டதில்லை. அத்தை தழும்பின் மேல் விரல் படாமல் டேப்பை வைத்தார். நெஞ்சின் நடுவிலிருந்து முதுகின் நடுவரை. கண் சரியாகத் தெரியாததால் டேப்பை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, "வலது 18. இடது 15 முக்கா" என்றார். பாவம் என்றோ, தலையெழுத்து என்றோ ஒரு வார்த்தை இல்லை. கத்தரிக்காய் எடை சொல்வது போல எண்ணை மட்டும் சொன்னார். எழுதி முடித்ததும் எனக்கு மூச்சு லேசாகிவிட்டது. 15 முக்கால். அவ்வளவுதானே!

ரூபியாத் துணியையும் லைனிங்கையும் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டோம். வெட்டிய பிறகு சுருங்கினால் என்ன செய்வது? முதலில் செய்தித்தாளில் வெட்டி, உடம்பில் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் துணியில் கத்தரி. தையலுக்கு அரை அங்குலம், பக்கத் தையலில் பிரித்து விட இன்னும் ஒரு அங்குலம் விட்டோம். இத்தனை ஜாக்கிரதையாக இருந்தும், கைகளை மடித்து ஒன்றாக வெட்டாமல் தனித்தனியாக வெட்டினேன். கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிடக் குடைவாக இருக்கும். ஒன்றைத் திருப்பிப் போட்டு வெட்டியிருக்க வேண்டும். நான் அப்படியே வெட்டியதில் இரண்டும் இடது கை! "போனது இடது பக்கம்ங்கிறதுக்காக ரெண்டு இடது கையா வைக்கிறது?" என்றார் அத்தை. ஒரு விநாடி திகைத்துவிட்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த வீட்டில் நான் சிரித்து எத்தனை மாதமாகியிருந்தது!

முதல் ஜாக்கெட் சமையலறைக் கைப்பிடித் துணியாயிற்று. இரண்டாவதில் கழுத்து கோணல். மூன்றாவது நின்றது.

என்னைப் போன்றவர்களுக்கு உதவும் என்று அதன் விவரத்தைச் சொல்கிறேன். வீட்டில் போட இடது பக்கம் டாட் பிடிக்காமல் தட்டையாகவே வெட்டினேன். வெளியே போட இரண்டு பக்கமும் ஒரே மாதிரி டாட் வைத்து, இடது லைனிங்கில் மட்டும் மேலே திறந்த பை ஒன்று தைத்தேன். அதற்குள் பஞ்சு வைத்துத் தைத்த திண்டு. வெறும் பஞ்சு கனமில்லாமல் மேலே ஏறிக்கொண்டது. "பிள்ளைக்குக் கடுகுத் தலையணை தைக்கிறதில்லையா?" என்று அத்தைதான் வழி சொன்னார். ஒரு பிடி கடுகைச் சின்னத் துணிப்பையில் போட்டுத் திண்டின் அடிப்பக்கம் வைத்ததும் நகராமல் நின்றது. துவைக்கும்போது வெளியே எடுத்துவிட வேண்டும். கொக்கி முன்பக்கம்தான். கை பின்னால் போகாதே. கைக்குழி சற்று மேலே ஏறி, தையல் தழும்பில் உரசாமல் இருக்க வேண்டும். இடது கை ஓரம் ஒரு அங்குலம் லூசாகவே இருக்கட்டும். நிணநீர் முடிச்சை எடுத்த பக்கம் கை வீங்க வாய்ப்பு உண்டு. எலாஸ்டிக், இறுக்கமான பட்டி கூடவே கூடாது. வீக்கம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்தக் கையில் சின்னக் காயம்கூடச் சீழ் பிடிக்கலாம். அதனால் கொக்கி தைக்கும்போது விரலில் இரும்புக் குப்பி மாட்டாமல் ஊசியைத் தொடுவதில்லை. சாதாரண ரூபியாவுக்கு 14-ஆம் நம்பர் ஊசி போதும்.

2023 மாசியில் என் அண்ணன் மகள் கல்யாணம். வரமாட்டேன் என்று ஐப்பசியிலேயே சொல்லியிருந்தேன். கடைசியில் தீபாவளிப் புடவையைக் கட்டி, என் கையால் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் பக்கத்தில் வந்தார். புடவையை இழுத்துப் போர்த்தியிருந்தார். குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் ஆபரேஷன்னு உங்க மதினி சொன்னாங்க. எனக்கு மூணு வருஷமாச்சு. பழைய ஜாக்கெட்டுக்குள்ளே கர்ச்சீப்பைச் சுருட்டி வெச்சிட்டு வந்திருக்கேன். உக்காந்தா எழுந்தா பயமா இருக்கு. இது எங்கே தைச்சீங்க?" என்றார்.

அடுத்த வாரமே துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அறைக்கதவைச் சாத்தினேன். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். டேப்பை வைத்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்து, எண்ணை மட்டும் உரக்கச் சொன்னேன். வெளியே கூடத்தில் உட்கார்ந்து அத்தை எழுதிக்கொண்டார்.