ஹேப்பி ஹவரும் ஒரு டாலர் எட்டு சென்ட்டும்

மக்களே, ஆணி ஜாஸ்தியாப் போனதால இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு கிடந்துச்சு. கப்பல் பயணம் போய் வந்த கதையை எழுதுறேன்னு நாலஞ்சு பேர்கிட்ட வாக்கு வேற கொடுத்துட்டேன். ஆனா கப்பல்ல இருக்கிற நீச்சல் குளம், நடுராத்திரி பீட்சா, சூரிய அஸ்தமன போட்டோ எல்லாம் ஏற்கனவே ஆயிரம் பேர் எழுதியாச்சு. அதனால யாரும் எழுதாத ஒண்ணை எழுதலாம்னு இருக்கேன். பார்ல வர்ற ரசீது! சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு. (அம்மா, ஒருவேளை நீ இதைப் படிச்சா: எல்லாமே நண்பர்கள் குடிச்சது.)

முதல்ல சின்ன முன்னுரை. மூணு குடும்பமா டாலஸ்ல இருந்து அஞ்சு மணி நேரம் கார் ஓட்டி, கால்வெஸ்டன் துறைமுகத்துல கப்பல் ஏறினோம். நாலு ராத்திரி. நடுவுல மெக்சிகோவோட கோசுமெல் தீவுல ஒரு நாள், மிச்சமெல்லாம் கடல்தான். சாப்பாடு டிக்கெட்லயே சேர்த்தி. சரக்கு சேர்த்தி இல்லை. கப்பல் கம்பெனிகள் நல்லா சம்பாதிக்கிற இடங்கள்ல பாரும் ஒண்ணு.

கப்பல்ல கையில காசு கொடுக்கிற பழக்கம் கிடையாது. ரூம் கார்டை நீட்டினா கணக்குல ஏறிடும். அப்படி ஏறும்போது டிப்ஸும் தானாவே சேர்ந்துடும். கம்பெனியைப் பொறுத்து பெரும்பாலும் 18 சதவீதம் இல்லேன்னா 20 சதவீதம். இது தவிர, ஆளுக்கு நாளைக்கு இவ்வளவு டாலர்னு தனியா ஒரு டிப்ஸ் வசூல் பண்ணுவாங்க. அது பொதுவா ரூம் சுத்தம் பண்றவங்களுக்கும் சாப்பாட்டு ஹால்ல பரிமாறுறவங்களுக்கும் போறது. பார்ல நிக்கிறவங்களுக்கு இந்த சதவீதம்தான் வருமானம்.

இப்ப கணக்குக்கு வருவோம். ஒரு காக்டெயில் 12 டாலர்னு வைங்க. 18 சதவீதம்னா 2.16. மொத்தம் 14.16.

சாயங்காலம் ஹேப்பி ஹவர்ல அதே காக்டெயில் பாதி விலை, 6 டாலர். டிப்ஸ் 18 சதவீதம், 1.08. மொத்தம் 7.08.

எவ்வளவு மிச்சம்? 7.08. கம்பெனி எவ்வளவு தள்ளுபடி கொடுத்துச்சு? 6. அப்ப மீதி 1.08 யாரு கொடுத்தது?

ரசீதை ரெண்டு தடவை பார்த்தேன். அந்த 1.08-ஐ கொடுத்தது எதிர்ல நின்னு ஷேக்கரை ஆட்டிக்கிட்டு இருந்தவர். அவர்கிட்ட யாரும் கேட்கலை. அவரும் தர்றேன்னு சொல்லலை. கம்பெனி தன்னோட விலையைக் குறைச்சப்ப, அதோட சேர்த்து அவர் கூலியையும் குறைச்சிடுச்சு. பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, ஃபார்முலா சரி, உள்ளே போட்ட வேரியபிள் தப்பு. பாதி விலைங்கறதுக்காக அவர் பாதி எலுமிச்சம்பழம் பிழியறது இல்லை. கிளாஸும் அதே கிளாஸ், கழுவறதும் அதே கழுவறதுதான்.

கூப்பன்ல இது இன்னும் மோசம். அடிக்கடி பயணம் பண்றவங்களுக்கு இலவச டிரிங்க் கொடுக்கிறது பல கம்பெனிகள்ல உண்டு. உதாரணத்துக்கு, ராயல் கரீபியன்ல ஒரு ராத்திரிக்கு ஒரு பாயிண்ட்னு 80 பாயிண்ட் சேர்ந்தா டயமண்ட் அந்தஸ்து. அவங்களுக்கு நாளைக்கு 4 டிரிங்க் இலவசம். கேசினோவுல நிறைய விளையாடுறவங்களுக்கும் கப்பல்கள்ல இலவசமா ஊத்துவாங்க. விலை ஜீரோன்னா ஜீரோவுல 18 சதவீதம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா ஒண்ணு. ரசீதுல ஜீரோ வந்தாலே அநியாயம்னு நினைச்சுடக் கூடாது. டிரிங்க்ஸ் பேக்கேஜ்னு ஒண்ணு இருக்கு. நாளைக்கு இவ்வளவுன்னு முன்னாடியே கட்டிட்டா அப்புறம் ஒவ்வொரு ரசீதும் ஜீரோதான். ஆனா அந்தப் பேக்கேஜ் விலை மேலயே 18 சதவீதமோ 20 சதவீதமோ வாங்கியிருப்பாங்க. அதுல டிப்ஸ் கட்டியாச்சு. கூப்பன்ல யாருமே எதுவும் கட்டலை. நம்ம ஆட்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஒண்ணு ஜீரோ, இன்னொண்ணு நல். ரெண்டையும் ஒண்ணா எடுத்தா புரோகிராம் என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை.

இதை மத்தவங்ககிட்ட சொன்னதும் கச்சேரி ஆரம்பிச்சுடுச்சு.

நண்பன் சொன்னான்: "டேய், டிஸ்கவுண்ட்ல வாங்கிட்டு மிச்சத்தை டிப்ஸ்ல கொடுத்தா அது என்னடா டிஸ்கவுண்ட்?"

கணக்கு போட்டுக் காட்டினேன். 6 டாலர் டிரிங்க், முழு விலைக்கு உண்டான டிப்ஸ் 2.16, மொத்தம் 8.16. முழு விலைக்கு 14.16 ஆகியிருக்கும். மிச்சம் சுளையா 6 டாலர். கம்பெனி தர்றேன்னு சொன்னது எவ்வளவோ அவ்வளவும் உன் பாக்கெட்லதான் இருக்கு மச்சி.

எங்க குழுவுல சீனியர் ஒருத்தர் உண்டு. பல வருஷமா ஒரே கம்பெனியில போறவர், பை நிறைய கூப்பன் வச்சிருந்தார். அவர் சொன்னது வேற: "இது சும்மா கிடைச்சது இல்லைப்பா. இத்தனை வருஷம் காசு கட்டி நான் சம்பாதிச்சது."

"சம்பாதிச்சதுதான் சார். ஆனா கம்பெனிகிட்ட சம்பாதிச்சது. இந்த பார்டெண்டர்கிட்ட சம்பாதிச்சது இல்லையே"ன்னேன். அவர் சிரிச்சார். ஒத்துக்கிட்டாரான்னு தெரியலை, ஆனா அடுத்த கூப்பனோட ரெண்டு டாலர் நோட்டும் சேர்ந்து போச்சு.

மூணாவதா வந்ததுதான் உண்மையிலேயே கனமான கேள்வி. "ஒழுங்கா சம்பளம் கொடுக்க வேண்டியது கம்பெனி. நாம கொடுக்கக் கொடுக்க அவன் எப்படா ஏத்துவான்?" தங்கமணிதான் கேட்டாங்க. (வீட்லயே எதிர்க்கட்சி!)

இதுல நியாயம் இருக்கு. டிப்ஸ்ங்கிற ஏற்பாடே முதலாளி கொடுக்க வேண்டிய கூலியை வாடிக்கையாளர் மனசு மேல தள்ளி விடறதுதான். அமெரிக்காவுல கரையிலேயே, டிப்ஸ் வாங்குற தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டிய ஃபெடரல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-ல வச்சது, இன்னும் அப்படியே இருக்கு. டெக்சாஸ்லயும் அதே கணக்குதான். ஆனா டிப்ஸோட சேர்த்தும் மணிக்கு 7.25 வரலைன்னா மிச்சத்தை முதலாளி போட்டாகணும். அந்த 7.25 கூட 2009-ல வச்சதுதான், ஆனாலும் காலுக்குக் கீழே ஒரு தரைன்னு ஒண்ணு இருக்கு.

கப்பல்ல அந்தத் தரை கிடையாது. கால்வெஸ்டன்ல நிக்கிற கப்பலா இருந்தாலும் பின்பக்கம் பேருக்குக் கீழே என்ன ஊர் எழுதியிருக்குன்னு பாருங்க. பனாமா, நசாவ் மாதிரிதான் இருக்கும். கப்பலைப் பதிவு பண்ணின இடம் அது. வேற நாட்டுக் கொடி பறக்கிற கப்பல்ல வேலை பாக்கிறவங்களுக்கு அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாதுன்னு அந்தச் சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. பெரிய பயணக் கப்பல்கள்ல அமெரிக்கக் கொடியோட ஓடுறது ஹவாய்ல இருக்கிற பிரைட் ஆஃப் அமெரிக்கா ஒண்ணுதான். மத்தபடி கான்ட்ராக்ட்ல என்ன எழுதியிருக்கோ அதுதான்.

அதனால தங்கமணிக்கு நான் சொன்ன பதில்: கம்பெனியைத் திட்டலாம், கடுதாசி எழுதலாம். ஆனா நான் அந்த 1.08-ஐ கொடுக்காம எழுந்து வந்தா கம்பெனிக்கு ஒரு சென்ட்டும் குறையாது. அதுக்கு வர வேண்டிய 6 டாலர் வந்தாச்சு. குறையறது எதிர்ல நிக்கிறவருக்கு மட்டும்தான். போராட்டம் என்னோடது, செலவு அவரோடதுன்னா அது என்ன போராட்டம்?

இதைப் பத்தி நான் இவ்வளவு யோசிக்கறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் சித்தி பையன் திருச்சியில கேட்டரிங் டிப்ளமா கடைசி வருஷம் படிக்கிறான். "அண்ணே, கப்பல் வேலைக்குப் போகலாமா? யாரையாவது பார்த்தா விசாரிச்சு சொல்லுங்க"ன்னு ஆறு மாசமா கேட்டுக்கிட்டே இருக்கான்.

கப்பல்ல வேலை பாக்கிறவங்க சட்டையில பேரோட நாட்டுப் பேரும் இருக்கும். ரெண்டாவது நாள் ராத்திரி பார்ல நின்னவர் பேட்ஜ்ல இந்தியான்னு போட்டிருந்துச்சு. நாங்க தமிழ்ல சண்டை போட்டுக்கிட்டதைக் கேட்டுட்டு அவரே "எந்த ஊரு தம்பி?"ன்னார். அவருக்குத் தூத்துக்குடி. கூட்டம் கலைஞ்ச பிறகு கொஞ்ச நேரம் பேசினோம்.

"ஹேப்பி ஹவர்னா உங்களுக்கு எப்படிண்ணே?"

"கை நிக்காது தம்பி. ரசீதுல விழுறது பாதிக்குப் பாதிதான். கூட்டம் ரெண்டு மடங்கு வந்துச்சுன்னா சரிக்குச் சரி. அம்புட்டுதான்."

அதாவது, ரெண்டு மடங்கு வேலை பார்த்தா பழைய வருமானம். கூப்பனைப் பத்திக் கேட்டேன். "அதுல ஒண்ணும் விழாது. சில பேரு ஒரு டாலர், ரெண்டு டாலர் வச்சிட்டுப் போவாங்க. சில பேரு தேங்க்யூ வச்சிட்டுப் போவாங்க"ன்னு சொல்லிட்டு கவுன்டரைத் துடைக்க ஆரம்பிச்சுட்டார். குறையாச் சொல்லலை, மழை பெய்யும் பெய்யாதுங்கிற மாதிரி சொன்னார்.

சித்தி பையன் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசிச்சார்.

"வரட்டும் தம்பி, நல்ல வேலைதான். ஆனா சம்பளம் எவ்வளவுன்னு மொட்டையாக் கேட்கச் சொல்லாதீங்க. அதுல நிச்சயம் எவ்வளவு, டிப்ஸ் எவ்வளவுன்னு பிரிச்சுக் கேட்கச் சொல்லுங்க. வேலை வாங்கித் தர்றதுக்குன்னு ஏஜென்ட் காசு கேட்டான்னா வந்த வழியே திரும்பிடச் சொல்லுங்க."

கரைக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சட்டத்துல இருக்கு. 2006-ல உருவாகி, 2013 ஆகஸ்ட்ல நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலைக்கு எடுக்கிறதுக்கு மாலுமிகிட்ட கட்டணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், மாலுமிக்கான புத்தகம், மருத்துவச் சான்றிதழ் மாதிரி செலவுகள்தான் விதிவிலக்கு. அதே உடன்படிக்கையில வேலை நேரத்துக்கும் ஒரு வரம்பு இருக்கு. நாளைக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல வாங்கக் கூடாது, இல்லேன்னா நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு கொடுக்கணும். தொழிலாளியைக் காப்பாத்தப் போட்ட உச்சவரம்பே 72 மணி நேரம்! நாம ரிலீஸ் வாரத்துல ஒரு சனிக்கிழமை வரச் சொன்னாலே ஊரைக் கூட்டுறோம்.

சரி, செயல்முறைக்கு வருவோம். நான் எனக்குன்னு வச்சுக்கிட்ட விதிகள்:

1. முழு விலைக்கு வாங்கினா, தானா சேர்ற டிப்ஸ் போதும். மனசு இருந்தா மேல கொடுக்கலாம்.

2. பாதி விலைன்னா இன்னொரு பங்கு டிப்ஸ். மேல சொன்ன உதாரணத்துல 1.08, அதாவது ஒரு டாலர் நோட்டு ஒண்ணு. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னாலும் அதே கணக்கு.

3. இலவச கூப்பன்னா டிரிங்குக்கு ரெண்டு டாலர்.

4. பேக்கேஜ்னா ஏற்கனவே கட்டியாச்சு. குற்ற உணர்ச்சி தேவையில்லை.

5. முதல் நாளே 20 டாலரை நீட்டி "நல்லா ஊத்துங்க"ன்னு சொல்றவங்க இருக்காங்க. அது டிப்ஸ் இல்லை, வேற பேர் இருக்கு. நம்ம ஊர்க்காரங்களுக்கு அந்தப் பேரு நல்லாவே தெரியும்.

ஒரு டாலர் நோட்டு கட்டு ஒண்ணு ஊர்ல இருந்தே எடுத்துட்டுப் போயிடுங்க. நோட்டு இல்லைன்னா, கையெழுத்து போடுற ரசீதுல கூடுதல் டிப்ஸுக்கு ஒரு வரி இருக்கும், அதுல எழுதலாம். நாலு நாள்ல நாங்க ரெண்டு பேரும் தள்ளுபடியில வாங்கினது மொத்தம் 12 டிரிங்க் (தங்கமணிக்கு ஆல்கஹால் இல்லாத மொஹீத்தோ, அதுக்கும் இதே கணக்குதான்). கூடுதலாப் போனது 13 டாலருக்குள்ள. கோசுமெல்ல வாங்கின ஃப்ரிட்ஜ் காந்தங்களுக்கு அதைவிட ஜாஸ்தி ஆச்சு.

சித்தி பையனுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். நிச்சயம் எவ்வளவு, டிப்ஸ் எவ்வளவுன்னு நோட்டுல எழுதிக்கிட்டான். "டிப்ஸ் எல்லாரும் வைப்பாங்களாண்ணே?"ன்னு கேட்டான். "தெரியாதுடா"ன்னுதான் சொல்ல முடிஞ்சுது. அவன் அடுத்த வருஷம் எந்தக் கடல்ல எந்தக் கப்பல்ல நிப்பானோ. அங்கே ஹேப்பி ஹவர்ல அவன் எதிர்ல வந்து உக்கார்றவர் உங்கள்ல ஒருத்தராக்கூட இருக்கலாம். அதான் இந்தப் பதிவு.

டிஸ்கி: கப்பல் போட்டோக்கள் அடுத்த பதிவுல. ஹோட்டல்ல கூப்பன் கொடுத்துச் சாப்பிட்டா நீங்க எந்தத் தொகைக்கு டிப்ஸ் வைப்பீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மி அடிக்கிறவங்களும் கணக்கைச் சரி பார்த்துட்டு அடிக்கவும்.