நோட்டோடு நின்றுபோன முடிவு

நான் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர். என் மாணவர் கண்டறிந்த ஓர் உண்மையை வெளியே வரவிடாமல் அமுக்கியவன் நான்தான்.

மூலிகைச் சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று பார்ப்பது எங்கள் ஆய்வு. எத்தனாலில் எடுத்த சாற்றைச் சின்னக் காகித டிஸ்க்கில் ஊற்றி, பாக்டீரியா பூசிய அகார் பிளேட்டின் மேல் வைத்து, 37 டிகிரியில் இரவு முழுக்க விட்டுவிடுவோம். காலையில் டிஸ்க்கைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிவான வளையம் தெரிந்தால் அதுதான் ஜோன். எங்களுக்கு நல்ல ஜோன் வந்தது. பேப்பர் போட்டோம்.

அடுத்து வந்த மாணவர் அதையே திரும்பச் செய்தார். "சார், டிஸ்க்கை நல்லாக் காய வச்சுப் போட்டா ஜோனே வரல. வெறும் எத்தனால்ல நனைச்சதை ஈரத்தோட வச்சா வருது" என்று பிளேட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மூலிகைக்கு அதில் பங்கே இல்லை. "நோட்ல எழுதி வைப்பா, தீசிஸ்ல வேண்டாம்" என்றேன்.

பேப்பர் வராமல் தீசிஸ் கொடுக்க முடியாது என்று 2009இல் யுஜிசி விதி போட்டது. 2022இல்தான் அதை எடுத்தது. 'வரவில்லை' என்ற முடிவை எந்த ஜர்னல் போடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்னைத் தடுத்தது பெயர் கெட்டுவிடுமே என்ற பயம்.

பிறகு வேறு ஊரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி போனில் அழைத்தார். எங்கள் பேப்பரை நம்பி மாதக்கணக்கில் முயன்றிருக்கிறார். "என் கைதான் சரியில்லையோன்னு தோணுது சார்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "திரும்பச் செஞ்சு பாரும்மா" என்று வைத்துவிட்டேன். இதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

மறைத்தால் என்ன ஆகும் என்று தெரியாதவன் இல்லை நான். மனச்சோர்வுக்கான 12 மருந்துகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவான 74 ஆய்வுகளை எரிக் டர்னர் குழுவினர் தேடிப் பார்த்து 2008இல் எழுதினார்கள். சாதகமாக முடிந்த 38இல் 37 வெளியாகியிருந்தன. மீதி 36இல் 22 வெளியாகவே இல்லை. 11, மருந்து பலித்ததுபோல் எழுதப்பட்டிருந்தன. அச்சில் வந்ததை மட்டும் படித்த மருத்துவர் என்ன நினைத்திருப்பார்? அங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் பதிவேடு இருந்தது. என் ஆய்வகத்தில் இருந்ததெல்லாம் அந்த மாணவரின் நோட்டு ஒன்றுதான், அதுவும் என் அலமாரியில்.

பேப்பரைத் திரும்பப் பெறக் கேட்டு ஜர்னலுக்கு எழுதிவிட்டேன். தவறைக் கண்டுபிடித்தவர் என்று அந்த மாணவரின் பெயரையும் குறிப்பிட்டிருக்கிறேன். அந்த மாணவியிடமும் பேசினேன். அவருக்குப் போன மாதங்களை என்னால் திருப்பித் தர முடியாது. கைடாக இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வராத ஜோனுக்கும் தீசிஸில் ஓர் இயல் ஒதுக்குங்கள்.