எந்தப் பள்ளி என்று முதலில் கேளுங்கள்

வெளிநாட்டுப் படிப்பு என்று பேச்சு எழுந்தால் நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "விசா கிடைக்குமா?" என்பதுதான். வானொலியில் கல்வி பற்றிப் பேசும் நாள்களில் நேயர்கள் அழைத்துக் கேட்பதும் அதையே. எந்தப் பள்ளி, எத்தனை மாதம், படித்து முடித்த பிறகு என்ன என்பதெல்லாம் பின்னால்தான் வரும். ஜப்பானுக்கு மொழி படிக்கப் போகிறவர்களுக்கு இந்த வரிசை சரிப்படாது. கிள்ளானில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்காக ஏறக்குறைய ஓராண்டு தாள்களோடு அலைந்ததில் நான் கண்டது இது.

தம்பிக்கு வயது 23. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா முடித்துவிட்டு ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். மேலாளர்கள் ஜப்பானியர்கள். கூட்டத்தில் அவர்கள் பேசுவது புரிய வேண்டும் என்று தொடங்கிய ஆசை, அங்கேயே போய்ப் படித்து வேலை தேட வேண்டும் என்று வளர்ந்துவிட்டது. சித்தப்பா லோரி ஓட்டுநர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. "நீ மீடியா படிச்சவ, நாலு பேர்கிட்ட பேசத் தெரிஞ்சவ. கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லும்மா" என்று என்னிடம் சொன்னார்.

முதலில் நாங்கள் போனது ஒரு முகவர் அலுவலகத்துக்கு. நல்ல குளிர்சாதன அறை, சுவரில் செர்ரிப் பூ. "தோக்கியோ, தங்குமிடம், பகுதிநேர வேலை எல்லாம் நாங்க பாத்துக்குவோம். விசா நிச்சயம்" என்றார்கள். பள்ளியின் பெயரைக் கேட்டேன். 5,000 வெள்ளி முன்பணம் கட்டிய பிறகு சொல்வார்களாம். சித்தப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் எழுந்துவிட்டேன்.

விசா நிச்சயம் என்று எந்த முகவரும் சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் மொழிப்பள்ளியில் படிக்கப் போகிறவர் முதலில் பெற வேண்டியது 'தகுதிச் சான்றிதழ்'. சுருக்கமாக சிஓஇ என்பார்கள். அதை வழங்குவது ஜப்பான் குடிநுழைவுத் துறை. வழக்கமாக நமக்காக அங்கே விண்ணப்பிப்பது மொழிப்பள்ளிதான். பள்ளி நம் தாள்களைப் பார்த்து, நேர்காணல் செய்து, இவர் படிக்கத்தான் வருகிறார் என்று நம்பினால்தான் விண்ணப்பம் போகும். பள்ளியின் பழைய கணக்கையும் குடிநுழைவுத் துறை பார்க்கிறது. மாணவர்கள் பலர் காலம் கடந்து தங்கிவிட்ட பள்ளி என்றால் சோதனை கடுமையாகும். சிஓஇ கையில் வந்த பிறகு விசாவுக்குக் கொடுப்பது கடைசிக் கட்டம். ஆக, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே விசாவின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

நாள்கணக்கும் பள்ளியோடு சேர்ந்ததுதான். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மேற்படிப்புக்குத் தயார்செய்யும் மொழிப்பள்ளி வகுப்புகளும் மார்ச்சில் முடியும்படியே அமைகின்றன. ஏப்ரலில் சேர்ந்தால் இரண்டு ஆண்டு. அக்டோபரில் சேர்ந்தால் ஒன்றரை ஆண்டு. ஏப்ரல் சேர்க்கைக்கான விண்ணப்பத்தைப் பல பள்ளிகள் முந்திய ஆண்டு நவம்பருக்குள் முடித்துவிடும். முடிவு தெரியப் பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். நாங்கள் விசாரிக்கத் தொடங்கியதே நவம்பரில்.

அதைவிடப் பெரிய தடை பணம். கட்டணம் மட்டுமே பல பள்ளிகளில் ஆண்டுக்கு 700,000 முதல் 900,000 யென் வரை வருகிறது. வாடகையும் சாப்பாடும் தனி. செலவை ஏற்பவர் வங்கி இருப்பு, வேலைக் கடிதம், ஈஏ படிவம் எல்லாம் காட்ட வேண்டும். சித்தப்பாவின் கணக்கில் அவ்வளவு இல்லை. சொந்தக்காரர் ஒருவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார்: "ஒரு மாசத்துக்கு என் காசை உன் கணக்குல போட்டு வைக்கிறேன். கடிதம் எடுத்துட்டுத் திருப்பிக் கொடு."

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குச் சொந்தமில்லாத காசை எனக்குச் சொந்தம்னு கையெழுத்துப் போட மாட்டேன். போற இடத்துல அவன் பேருல அது ஒட்டிக்கும்" என்றார். தம்பி முகம் தொங்கிப்போய் அறைக்குள் போனான். இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

சித்தப்பா சொன்னதில் நியாயத்தோடு நடைமுறையும் இருந்தது. திடீரென்று கணக்கில் ஏறிய தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். தாள்களில் சந்தேகம் வந்து ஒருமுறை சிஓஇ மறுக்கப்பட்டால், அடுத்த விண்ணப்பத்தில் அதற்கும் விளக்கம் எழுத வேண்டும். அந்த வீட்டில் ஏப்ரல் அக்டோபராகத் தள்ளிப்போனது. தம்பி கூடுதல் நேர வேலை செய்து சேமித்தான். டிசம்பரில் ஜேஎல்பிடி தேர்வின் அடிப்படை நிலையான என்5 எழுதித் தேறினான். புதிதாகப் போகிறவர்களிடம் பள்ளிகள் பொதுவாகக் கேட்பது அந்தச் சான்றிதழ் அல்லது 150 மணி நேரம் படித்ததற்கான அத்தாட்சி.

அந்த இடைவெளியில் நாங்கள் முகவர் இல்லாமல் நேராகவே ஆறு பள்ளிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். கேட்டது நான்கு கேள்விகள். சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள்? பல்கலைக்கழகமா, தொழிற்கல்லூரியா, வேலையா? வகுப்பில் எந்தெந்த நாட்டு மாணவர்கள் எத்தனை பேர்? சிஓஇ கிடைக்காவிட்டால் எந்தக் கட்டணம் திரும்ப வரும்? (தேர்வுக் கட்டணம் பொதுவாகத் திரும்பாது.) கான்ஜி எழுத்து தெரியாதவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா?

கடைசிக் கேள்வியைக் காதில் வாங்கிய சித்தி, "கஞ்சி குடிக்கவா அவ்வளவு தூரம் போறான்?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். விஷயம் சிரிப்பானது அல்ல. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வகுத்த கான்ஜி மட்டும் 2,136. சீன மாணவர்களுக்கு அவற்றில் பல ஏற்கெனவே பழக்கம். அவர்கள் நிறைந்த வகுப்பில் நம் பிள்ளை மூன்றாவது வாரமே பின்தங்கிவிடுவான். இலக்கணத்தில் கதை வேறு. "நான் சோறு சாப்பிடுகிறேன்" என்பதை "வாத்தாஷி வா கோஹான் ஓ தாபேமாஸ்" என்பார்கள். நம்மைப் போலவே வினை கடைசியில். நம் 'ஐ' உருபு நிற்கும் இடத்தில் அவர்களுடைய 'ஓ'. தமிழ்ப்பள்ளியில் வேற்றுமை உருபு படித்தவனுக்கு இது பெரிய சுமையில்லை. அவனுக்கு வேண்டியது எழுத்தில் கைகொடுக்கும் பள்ளி.

ஆறில் இரண்டு பதிலே போடவில்லை. ஒன்று அழகான கையேட்டை மட்டும் அனுப்பியது. இரண்டு பள்ளிகள் பாதிக் கேள்விகளுக்குப் பதில் எழுதின. ஃபுகுவோக்காவில் இருந்த ஒரு சிறிய பள்ளி நான்குக்கும் எண்களோடு பதில் எழுதியது. தாள்களை அனுப்பியபோது, பிறப்புப் பத்திரத்தில் உள்ள தந்தை பெயரும் சித்தப்பாவின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஓர் எழுத்து வேறுபடுவதை அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். நம் குடும்பங்களில் இது எவ்வளவு சாதாரணம்! மருத்துவமனையில் ஒருவர் ஒருவிதமாக எழுதுவார், பதிவிலாகாவில் இன்னொருவர் வேறுவிதமாக எழுதுவார். சத்தியப் பிரமாணம் செய்து, விளக்கக் கடிதமும் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்பினோம். அதே எழுத்து குடிநுழைவுத் துறையின் கண்ணில் முதலில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தோக்கியோவைவிட ஃபுகுவோக்காவில் வாடகையும் குறைவு. இது முக்கியம். "பகுதிநேர வேலை செய்தே கட்டணம் கட்டிவிடலாம்" என்ற பேச்சை நம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாணவர் அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். நீண்ட விடுமுறையில் மட்டும் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 1,000 யென் என்று வையுங்கள். மாதம் 110,000 யென்னைச் சுற்றி வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்புறுதி போனால் கட்டணத்துக்கு மிஞ்சுவது சொற்பம். 28 மணியைத் தாண்டினாலோ வகுப்புக்கு ஒழுங்காகப் போகாவிட்டாலோ விசாவைப் புதுப்பிக்கும்போது சிக்கல் வரும். முதல் ஆண்டுச் செலவு கையில் இல்லாமல் விமானம் ஏறக்கூடாது என்பது எங்கள் வீட்டின் முடிவு.

இன்னும் தயங்குகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. சில்லு பொருத்திய மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் விசா இல்லாமல் 90 நாள்வரை ஜப்பானில் தங்கலாம். அந்தக் காலத்துக்குள் முடியும் குறுகிய கால வகுப்புகளைப் பல பள்ளிகள் நடத்துகின்றன. ஆனால், வேலை செய்ய முடியாது. மொழியும் குளிரும் தனிமையும் ஒத்துவருமா என்று பார்க்க அது போதும். இன்னொன்று, 2024 ஏப்ரலில் மொழிப்பள்ளிகளுக்கென்று புதுச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. ஜப்பான் கல்வி அமைச்சு பள்ளிகளை ஆராய்ந்து அங்கீகரிக்கிறது. பழைய பள்ளிகளுக்கு ஐந்தாண்டு அவகாசம். நீங்கள் பார்க்கும் பள்ளி அங்கீகாரம் பெற்றுவிட்டதா, இல்லையென்றால் எப்போது விண்ணப்பிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஆகஸ்டு இறுதியில் சிஓஇ மின்னஞ்சலில் வந்தது. மூன்று மாதத்துக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும். செப்டம்பர் கடைசியில் தம்பி புறப்பட்டான். ஜனவரியில் அவனுக்குக் கடுமையான காய்ச்சல், இரண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. கைப்பேசியும் அணைந்து கிடந்திருக்கிறது. மூன்றாம் நாள் காலை பள்ளி அலுவலர் ஒருவர் அறைக் கதவைத் தட்டி, அவனைக் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருக்கிறார். அன்று மாலை சித்தி எனக்குப் போன் போட்டு நெடுநேரம் அழுதார். சித்தப்பா பக்கத்திலிருந்து, "அந்தப் பள்ளிக்கு நான் நன்றி சொன்னேன்னு ஜப்பான்ல எழுதிக் கொடும்மா" என்றார். எழுதிக் கொடுத்தேன். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தது தம்பிதான்.