வேலை மாறும்போது எதை எடுத்துச் செல்லலாம்?

வானொலியில் வாரம் ஒருமுறை வழக்கறிஞர் ஒருவரை அழைத்து நேயர்களின் சட்டக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அங்கம் நடத்துகிறேன். வாடகை வீடு, கார் கடன், சொத்துப் பிரிவினை என எல்லாம் வரும். ஆனால் வேலை ஒப்பந்தம் பற்றிப் பேசும் நாளில்தான் வாட்ஸ்அப் நிரம்பி வழியும். பெரும்பாலும் இளையோர். கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்: “வேற கம்பெனிக்குப் போனா கேஸ் போடுவாங்களா?”

இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. என் தம்பி உணவுப்பொருள் விநியோக நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். சென்ற ஆண்டு இன்னொரு நிறுவனம் மாதம் 900 ரிங்கிட் கூடுதல் சம்பளத்துக்கு அழைத்தது. அவன் போகவில்லை. வேலையை விட்ட பிறகு 2 ஆண்டுகளுக்கு இதே துறையில் எங்கும் சேரக்கூடாது என்று அவனுடைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. “கையெழுத்துப் போட்டாச்சு. கோர்ட்டு, கேஸுன்னு அலைய நம்மால முடியாதுப்பா” என்றார் அம்மா. அதோடு பேச்சு நின்றது.

பிறகுதான் வழக்கறிஞரிடம் கேட்டோம். அவர் காட்டியது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. சட்டபூர்வமான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் உடன்பாடு, அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அது. கடையை அதன் நற்பெயரோடு விற்றவர், பங்காளிகள் போன்ற சிலருக்கு மட்டுமே விதிவிலக்கு. இந்தப் பிரிவு 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வந்தது. அங்கே அது 27ஆவது பிரிவு.

கோத்தா பாருவில் ஒரு வழக்கறிஞர், வேலையை விட்ட பின் 2 ஆண்டுகளுக்கு நகரிலிருந்து 5 மைல் சுற்றளவில் தொழில் செய்யக்கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்தத் தடை செல்லாது என்றது. சட்டம் படித்தவரின் கையெழுத்துக்கே அந்த நிலை.

என் துறைக்கு நெருக்கமான வழக்கும் உண்டு. ‘இசபெல்லா’ பாடலால் நாடறிந்த ‘சர்ச்’ ராக் குழுவுக்கும் பாலிகிராம் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு. 1994இல் தீர்ப்பளித்த நீதிபதி விசு சின்னதுரை ஒரு கோடு போட்டார். 28ஆவது பிரிவு, ஒப்பந்தம் முடிந்த பிறகு நீளும் தடைகளுக்கே பொருந்தும். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை, இன்னொருவருக்கு வேலை செய்யாதே என்பது வேறு விஷயம். சம்பளம் வாங்கிக்கொண்டே போட்டியாளருக்கு உதவுபவர் இந்தப் பிரிவைத் துணைக்கு அழைக்க முடியாது.

இதெல்லாம் தெரிந்தபோது தம்பியை அழைத்த இடத்தில் வேறொருவர் சேர்ந்துவிட்டார். நீதிமன்றத்தில் நிற்பதே கடினமான ஒரு வரி, வெறும் பயத்தாலேயே அவனைக் கட்டிப்போட்டுவிட்டது. வழக்கே போடாமல் இப்படிப் பலரையும் அது நிறுத்தி வைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் முதலாளி பக்கமும் நியாயம் உண்டு. கிள்ளானில் எங்கள் சித்தப்பா மசாலா அரைத்து விற்கிறார். அவரிடம் தொழில் கற்ற ஊழியர் விலகி, அதே வட்டாரத்தில் கடை போட்டார். அதைத் தடுக்க வழியில்லை. ஆனால் போகுமுன் மசாலா அளவு எழுதிய நோட்டையும் மொத்த வாடிக்கையாளர் விலைப் பட்டியலையும் கைப்பேசியில் படமெடுத்துச் சென்றிருந்தார். சித்தப்பாவின் 20 ஆண்டு உழைப்பு அந்த நோட்டில் இருந்தது.

வணிக இரகசியத்துக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. நம்பிக்கை மீறல் என்ற பொதுச் சட்டக் கொள்கைப்படி நீதிமன்றங்கள் பார்க்கின்றன. கேள்விகள் மூன்று. அந்தத் தகவல் உண்மையிலேயே இரகசியமானதா? காக்க வேண்டிய பொறுப்போடு கொடுக்கப்பட்டதா? அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டு உரியவருக்குப் பாதிப்பு வந்ததா? சித்தப்பாவிடம் வழக்கறிஞர் முதலில் கேட்டது, “நோட்டு எங்க இருந்துச்சு?” கல்லாவுக்குப் பக்கத்தில், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். எவருக்கும் மறைக்காததை இரகசியம் என்று வாதிடுவது எளிதல்ல. இப்போது அந்த நோட்டு பூட்டிய அலமாரியில் இருக்கிறது.

தலையில் இருப்பதை என்ன செய்வது? இங்கிலாந்தில் ஃபசெண்டா என்ற கோழி நிறுவனத்தின் விற்பனை மேலாளர் விலகி, வேனில் கோழி விற்கும் சொந்தத் தொழில் தொடங்கினார். பழைய ஊழியர்கள் சிலரும் பின்னால் போனார்கள். வாடிக்கையாளர் யார், எந்தத் தெருவில் எப்போது போவது, என்ன விலை என்பதெல்லாம் எங்கள் இரகசியம் என்றது நிறுவனம். 1986இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. வேலையில் இயல்பாகக் கற்ற அறிவு ஊழியருக்கே உரியது. ஆனால் போகும் எண்ணத்தோடு பட்டியலை நகலெடுப்பதும், திட்டமிட்டு மனப்பாடம் செய்வதும் தவறு.

நான் வானொலி நிலையம் மாறியபோது இதே அளவுகோலைத்தான் கைக்கொண்டேன். குரல், காலை 7 மணிக்கு எந்த வகைப் பாட்டு எடுபடும் என்ற அனுபவம் இரண்டும் என்னோடு வந்தன. நேயர்களின் தொலைபேசி எண்கள், விளம்பரக் கட்டண விவரம், ஒலியேறாத நிகழ்ச்சித் திட்டங்கள் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, என் கணினியில் இருந்த நகல்களையும் அழித்தேன்.

பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்வோர் கவனிக்க: அங்கே 28ஆவது பிரிவு கிடையாது. தடை நியாயமான அளவில் இருக்கிறதா, முதலாளியின் நியாயமான நலனைக் காக்கிறதா என்று நீதிமன்றம் எடைபோடும். 2024இல் ஷோப்பி நிறுவனம், பைட்டான்ஸுக்குப் போன தன் முன்னாள் மூத்த ஊழியருக்கு இடைக்காலத் தடை கேட்டது. உயர்நீதிமன்றம் மறுத்தது. ஆனாலும் ஒவ்வொரு வழக்கும் அதனதன் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

ஆகவே கையெழுத்திடுமுன் தடை வரியைப் படித்துப் பாருங்கள், புரியாவிட்டால் கேளுங்கள். விலகும்போது நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடியுங்கள். நிறுவனக் கோப்பு எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். மிரட்டல் கடிதம் வந்தால், பயந்து புதிய வேலையைக் கைவிடுமுன் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.