சம்ப்பு, ஃப்ளோட்டு, செலக்டர் சுவிட்ச்

நம்மள மாதிரி பொட்டி தட்டறவங்களுக்கு ஒரு சொகுசு இருக்கு மக்களே. எழுதுன கோடு மக்கர் பண்ணா ரீஸ்டார்ட் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிடலாம். அதே கோடு ஒரு மோட்டாரை ஓட்டுதுன்னு வைங்க, மக்கர் பண்ணா வைண்டிங் கருகுற வாசனைதான் வரும். இந்த வித்தியாசத்தை நான் கத்துக்கிட்டது பாண்டியில, சித்தப்பாவோட லாட்ஜ்ல.

பீச்சுலேர்ந்து நாலு தெரு தள்ளி, மூணு மாடிக் கட்டடம். சம்ப்புலேர்ந்து மேல் டேங்குக்குத் தண்ணி ஏத்தறது, மாடிப்படி லைட்டு, வாசல் லைட்டு எல்லாமே வாட்ச்மேன் தாத்தா கையிலதான் இருந்துச்சு. விடிகாலை நாலரைக்கு எழுந்து மோட்டார் போடுவார். "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானேடா, இதெல்லாம் தானா நடக்கற மாதிரி பண்ணிக் குடேன்"னார் சித்தப்பா. 2024 ஜூன்ல ஒரு சின்ன பி.எல்.சி. வாங்கினோம். அதாவது, நாம எழுதிக் கொடுக்குற விதிப்படி சுவிட்சைப் போட்டு அணைக்கிற ஒரு குட்டிப் பெட்டி.

இந்தப் பெட்டியோட கதை சுவாரசியமானது. 1968ல அமெரிக்காவுல டிக் மார்லின்னு ஒரு இன்ஜினியர் போட்ட திட்டம் இது. அவங்க கம்பெனியோட 84வது ப்ராஜெக்ட், அதனால பேரு மோடிகான் 084. கார் ஃபேக்டரியில சுவர் சுவரா நின்ன ரிலே பேனல்களுக்குப் பதிலா வந்துச்சு. அதுக்கு எழுதுற லேடர் லாஜிக் பாக்கறதுக்கு அச்சு அசல் வயரிங் படம் மாதிரியே இருக்கும். எலெக்ட்ரீஷியனுக்குப் புரியணும்னே அப்படி வச்சாங்க. எங்க எலெக்ட்ரீஷியன் அண்ணன் என் லேப்டாப்பை எட்டிப் பாத்துட்டு, "இது நம்ம ஸ்டார்ட்டர் சர்க்யூட்டுதானே தம்பி"ன்னார். அரை நூற்றாண்டு கழிச்சும் அந்த ஐடியா வேலை செய்யுது பாருங்க :-)

அப்புறம் வயரிங். சம்ப்புல ஒரு ஃப்ளோட் சுவிட்ச், மேல் டேங்குல ஒண்ணு. ரெண்டுக்கும் 24 வோல்ட். சம்ப்புல தண்ணி இருந்தாதான் அங்க கான்டாக்ட் சேரும். மேல் டேங்க் ரொம்பிட்டா அங்க கான்டாக்ட் பிரியும். ரெண்டும் சேர்ந்திருந்தாதான் மோட்டார் ஓடலாம். ஏன் இப்படின்னா, எலி கடிச்சு வயர் அறுந்தாலும், உப்புக் காத்துல டெர்மினல் பச்சை பூத்துக் கரண்ட் பாயலைன்னாலும், மோட்டார் நின்னுடும். கெட்டுப்போனா நல்ல பக்கமா கெட்டுப்போகணும், அவ்ளோதான் சூத்திரம்.

மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப ஓடற கரண்டைப் போல அஞ்சாறு மடங்கு இழுக்கும். பெட்டிக்குள்ள இருக்கற குட்டி ரிலே அதைத் தாங்காது. அதனால பெட்டி கான்டாக்டரை இழுக்கும், கான்டாக்டர் மோட்டாரை இழுக்கும், நடுவுல ஓவர்லோடு ரிலே காவலுக்கு. 230 வோல்ட் வயர் ஒரு பைப்புல, 24 வோல்ட் வயர் தனி பைப்புல. ஒவ்வொரு வயர் நுனியிலயும் லக் அடிச்சு, நம்பர் போட்டு... இதுக்கே ஒரு நாள் முழுசாப் போச்சு. பேனலைத் தரையிலேர்ந்து அஞ்சடி உயரத்துல மாட்டச் சொன்னதும் அண்ணன்தான்.

பேனல் கதவுல ஒரு செலக்டர் சுவிட்ச் வச்சோம். ஆட்டோ, ஆஃப், மேனுவல். "எல்லாம் தானா நடக்கறப்ப இது எதுக்கு, துட்டு தண்டம்"னார் சித்தப்பா. அண்ணன் விடல. இதையெல்லாம் ஓரமா நின்னு பாத்துக்கிட்டிருந்த தாத்தா, சித்தப்பா நகர்ந்ததும் என்கிட்ட மெதுவா கேட்டார்: "அப்ப இனிமே நான் எதுக்கு தம்பி?" எனக்குப் பதில் வரல. செலக்டர் சாவியை அவர் கையில குடுத்தேன், அவ்ளோதான்.

பதில் அஞ்சு மாசம் கழிச்சு வந்துச்சு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. தெருத்தண்ணி சாக்கடையோட சேர்ந்து சம்ப்புக்குள்ள இறங்கிடுச்சு. கரண்ட் இல்ல. மேல் டேங்க் காலி, சம்ப்பு ஃபுல். கரண்ட் வந்த நொடியில பெட்டியோட கணக்குப்படி ரெண்டு கான்டாக்ட்டும் சரி, மோட்டார் ஓடியிருக்கணும். ஓடல. தாத்தா டார்ச் அடிச்சு சம்ப்புக்குள்ள பாத்துட்டு, கரண்ட் வர்றதுக்கு முன்னாடியே சாவியை ஆஃப்ல திருப்பி வச்சிருந்தார்.

"தண்ணி காபி கலர்ல இருந்துச்சு தம்பி. மேல ஏத்தியிருந்தா ரூம் ரூமாப் போயிருக்கும்."

ஃப்ளோட்டுக்குத் தண்ணி தெரியும், அழுக்கு தெரியாது. சம்ப்பைக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் போட்டு, புதுத்தண்ணி விட்டப்புறம்தான் சாவி ஆட்டோவுக்குப் போச்சு. ப்ரோக்ராம்ல ஒரு வரி சேர்த்தேன்: ஆறு மணி நேரத்துக்கு மேல கரண்ட் போயிட்டு வந்தா, பச்சை பட்டனை ஒரு ஆள் அமுக்கறவரைக்கும் மோட்டார் ஓடாது. அந்த ஆள் யாருன்னு சொல்லணுமா?

இப்ப சித்தப்பா, ரூம் ஏசியையும் பெட்டியில சேர்க்கலாமான்னு கேக்கறார். பதிலா அவரை கோல்கொண்டே பக்கம் கூட்டிட்டுப் போனேன். அரவிந்தர் ஆசிரமத்தோட தங்கும் விடுதி. 1930கள்ல ஆன்டனின் ரேமண்ட் டிசைன் பண்ணி, ஜார்ஜ் நகாஷிமா இங்கயே தங்கி வேலையைப் பாத்த கான்கிரீட் கட்டடம். வடக்கு, தெற்குப் பக்கம் முழுக்கத் திருப்பற பலகைகள்தான். எவ்வளவு காத்து, எவ்வளவு வெளிச்சம்னு உள்ள இருக்கறவர் கையால திருப்பி முடிவு பண்ணிக்கலாம். அந்தக் காலத்து ஆட்டோமேஷன்ல கன்ட்ரோலர் மனுஷன்தான்.

சித்தப்பா கொஞ்ச நேரம் அண்ணாந்து பாத்துட்டு, "சரி, மொதல்ல ஜன்னல் எல்லாம் தொறக்குதான்னு பாப்போம்"னார். போன வாரம் பாத்தோம். பதினெட்டு ரூம்ல அஞ்சு ஜன்னல் பெயின்ட்டுல ஒட்டிக்கிட்டுத் தொறக்கவே இல்ல.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு நீங்களே 230 வோல்ட்டுல கை வைக்காதீங்க சாமி. கோடு நாம எழுதலாம், வயருக்கு லைசென்ஸ் இருக்கற அண்ணன் வேணும்.