செஃபிரோவும் ஒரு பழைய கொப்பியும்

கொஞ்சம் நீண்ட பதிவு, நேரமிருக்கிறவர்கள் வாசியுங்கள்.

நாங்கள் கார் வாங்கப்போகிறோம் என்ற கதை பாடசாலையிலும் பரவிவிட்டது, பள்ளிவாசலடியிலும் பரவிவிட்டது. "எப்ப ரீட்?" என்று சந்தையிலும் மறித்துக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டோம். ஆகவே முழுக் கணக்கையும் இங்கேயே எழுதிவிடுகிறோம்.

நாங்கள் என்றால் நாங்கள் இருவரும்தான். கல்வியியற் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் கணிதம். கார் ஆசை யாருக்குக் கூட என்று மட்டும் கேட்காதீர்கள். அதில் இன்னும் உடன்பாடு வரவில்லை.

பார்த்த கார் நிசான் செஃபிரோ, ஏ-31. வாகனம் தெரிந்த இளைஞர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1988 முதல் 1994 வரை ஜப்பானில் செய்தது. 2,000 சீசி, வரிசையாக ஆறு சிலிண்டர், பின்சில்லு இழுவை. பரந்தன் பக்கம் ஒரு அண்ணன் வைத்திருக்கிறார். ஆனையிறவு வெளி வரை ஓட்டிப் பார்த்தோம். பொய் சொல்லக்கூடாது, அந்த எஞ்சின் சத்தத்தில் இரண்டு பேருக்கும் பதினெட்டு வயது திரும்பியது. மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட்டுக்குள் தூசு தின்றபடி தினமும் போகிறவர்களுக்கு அந்த மெத்தை இருக்கையே ஒரு கூலி.

அந்த வாரம்தான் பத்தாம் ஆண்டுப் பையன் ஒருவன், கொப்பி உறையில் மஸ்டாங் படம் ஒட்டியவன், கேட்டான்: "சேர், மஸில் கார் எண்டா என்ன?"

விஞ்ஞான பாடத்தில் பத்து நிமிடம் அதற்குப் போனது. 1964இல் பொன்டியாக் கம்பனி நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய காரின் எஞ்சினைப் போட்டு ஜீ.ரீ.ஓ. என்று விற்றது. அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். விலை ஏறியதும் 1968இல் பிளிமத் கம்பனி சோடனை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரோட் ரன்னர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 6.3 லீற்றர் எஞ்சின், விலை 2,896 டொலரில் தொடக்கம். சம்பளக்காரப் பெடியன்கள் வாங்கக்கூடிய விலை. பிறகு காப்புறுதிக்காரர்கள் இளம் ஓட்டுநர்களிடம் கட்டணத்தைக் கூட்டினார்கள். 1973 ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. வாங்க முடிந்தவர்களால் வைத்திருக்க முடியவில்லை.

"அப்ப எங்கட ஊரில எது சேர் மஸில் கார்?"

பின்வாங்கிலிருந்து பதில் வந்தது: "லாண்ட்மாஸ்ரர்!"

வகுப்பு சிரித்து அடங்க இன்னும் ஐந்து நிமிடம் போனது. எங்களுக்கு மட்டும் செஃபிரோ ஞாபகமாகவே இருந்தது. குறைந்த விலைக்குப் பெரிய எஞ்சின் என்றால் இலங்கையில் அதுதானே.

இனி விலை. அண்ணன் கேட்டது 28 இலட்சம். முப்பது வருடத்துக்கு மேல் பழைய காருக்கு 28 இலட்சமா என்று வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் கேட்பீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ரூபாயும் விழுந்தது. இப்போது வரி சேர்த்து வருகிற புதிய வாகனத்தின் விலையை நாங்கள் படமாகப் பார்ப்பதோடு சரி. அதனால் உள்ளே கிடக்கும் பழையதெல்லாம் பவுண் ஆகிவிட்டது.

எங்கள் கையில் 19 இலட்சம். ஏழு வருடச் சேமிப்பும் முடிந்த சீட்டும். மீதி 9க்கு நகை இருக்கிறது. நகையின் சொந்தக்காரி சம்மதித்தார். அவ்வளவு வேகமாகச் சம்மதித்திருக்க வேண்டாம் என்று மற்றவர் இப்போது சொல்கிறார்.

பாடசாலைக்குப் போகவர 28 கிலோமீற்றர், மாதம் இருபது நாள். உம்மாவின் கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் போகவர 135, மாதம் ஒரு தடவை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புத்தளத்தில் இருக்கும் குடும்பத்தைப் பார்க்கப் போகவர 420. எல்லாம் சேர்த்து மாதம் 900 கிலோமீற்றர். செஃபிரோ லீற்றருக்கு 7 ஓடும் என்று வைப்போம் (அண்ணன் 10 என்றார், மெக்கானிக் சிரித்தார்). 129 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று பிடித்தாலும் 38,700. கழிவுகள் போக எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கையில் வருவது 120,000 அளவில். மூன்றில் ஒரு பங்கு தாங்கிக்குள் போகும்.

2022 ஜூன் கடைசியில் விற்ற 470 ரூபாயில் இதே கணக்கைப் போட்டால் 60,000 தாண்டும். அது இனி வராது என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. அந்த வருடம் கியூ.ஆர். தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். செஃபிரோவுக்கு அந்த 20 லீற்றரில் 140 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் போய்வந்தால் அந்தக் கிழமை முடிந்தது. எங்கள் மோட்டார் சைக்கிள் 4 லீற்றரில் 180 ஓடும். கணித ஆசிரியர் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது பிள்ளைகள் நம்பவில்லை. திருப்பித் திருப்பிப் பெருக்கிப் பார்த்தார்கள்.

பெற்றோல் மட்டுமா? ஆல்டோவுக்கு மூன்று பிளக், இதற்கு ஆறு. ரைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று அண்ணனுக்குத் தெரியாது, அப்படியென்றால் வாங்கிய கையோடு மாற்ற வேண்டும். நான்கு ரயரும் வெடித்திருந்தன, அது ஒரு இலட்சம். உதிரிப்பாகம் கேட்டால் எல்லாப் பதிலும் பஞ்சிகாவத்தையில் போய் முடிகிறது. ஒரு சின்னச் சாமானுக்கு இரவு பஸ்ஸில் கொழும்புக்கு ஆள் போக வேண்டும்.

"அப்ப ஆல்டோ ஒண்டை லீசிங்கில எடுங்கோவன்" என்கிறீர்கள். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், இந்த மாவட்டத்தில் கடனால் நொந்த வீடு இல்லாத ஒழுங்கை இல்லை. ஒரு தம்பி வீட்டுக்கே வந்து விளக்கினார். 10 இலட்சம், நான்கு வருடம், 14 சதவீதம் 'ஃபிளாட்'. மாதம் 32,500. வட்டி மொத்தம் 5 இலட்சத்து 60 ஆயிரம். 14 என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாங்கள் மாதாமாதம் முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வர, அவர்கள் கடைசி மாதம் வரை முழு 10 இலட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடம் 24 சதவீதத்தை அண்மிக்கும். கையெழுத்து வைக்க முதல் இந்த இரண்டாவது எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழும்பி வாருங்கள்.

எங்களுக்கு வட்டி ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். நிறுவனம் வாகனத்தைத் தானே வாங்கி எங்களுக்கு வாடகைக்கு விடுகிற இஜாரா முறை இருக்கிறது. விசாரித்தோம். மார்க்கத்துக்கு வழி இருந்தது, சம்பளத்துக்கு வழி இருக்கவில்லை. மாதத் தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை. செஃபிரோ மாதிரிப் பழைய காருக்கு லீசிங் யாரும் தரமாட்டார்கள், முழுக்காசு கட்டித்தான் எடுக்க வேண்டும். அதுதான் எங்களை இழுத்தது. வட்டியில்லாமல் வாங்கக்கூடிய ஒரே கார் என்று எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டோம்.

அந்த நேரத்தில்தான் கொப்பியை எடுத்தோம்.

எங்கள் வாப்பா, எங்களில் ஒருவருக்கு மாமா, யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40 வைத்து ஹயர் ஓடியவர். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இரண்டு மணி நேரம்தான். காரைக் கொண்டுபோக முடியாது. சாவியை அடுத்த ஒழுங்கையில் இருந்த, அவரோடு அதே தரிப்பிடத்தில் ஓடிய சிநேகிதர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு நடந்தார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் கார் ஒரு கதை மட்டும்தான்.

2002இல் பாதை திறந்து வாப்பா போய்ப் பார்த்தபோது கார் இல்லை. அந்த ஐயா ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். ஆறு வருட வரவு செலவு. காரை அவர் ஓட்டியிருக்கிறார், வாப்பாவின் கணக்கில். ஒவ்வொரு ஹயரும் திகதியோடு. பெற்றோல் கொஞ்சம், மண்ணெண்ணெய் நிறைய. மூத்தவர்களுக்கு விளங்கும். தடைக்காலத்தில் பெற்றோலைத் துளியாக விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அழுத்தவிகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்றபடியால் அது தாங்கியது. செஃபிரோவுக்கு மண்ணெண்ணெய் பருக்க முடியாது.

கொப்பியில் எங்களை நிறுத்தியது வேறொன்று. 'ஓடாத நாள்' என்று ஒரு தனி நிரல் கிறி வைத்திருந்தார். கார் நின்ற நாட்களுக்கும் செலவு எழுதியிருந்தார். பற்றரி இறங்கியது. ரயர் நின்ற இடத்திலேயே வெடித்தது. தாங்கியில் துரு. பங்கருக்குப் பக்கத்தில் மூட வாங்கிய படங்கு. 1993இல் ஒரு மாதம் கார் வெறும் நான்கு நாள்தான் ஓடியிருக்கிறது, செலவோ மற்ற மாதங்களைவிடக் கூட.

1995 ஒக்ரோபர் 30, வலிகாம இடப்பெயர்வு. அதே திகதி, சரியாக ஐந்து வருடம். அன்றைய வரியில் "ஹயர் இல்லை. சொந்தப் பாவனை" என்று மட்டும் இருக்கிறது. அவருடைய குடும்பம் அந்தக் காரில்தான் தென்மராட்சிக்கு வந்து, பிறகு கிளிநொச்சிக்கு வந்தது. 1996இல் இங்கிருந்தும் ஓட வேண்டி வந்தபோது கார் ஓடவில்லை. விட்டுவிட்டுப் போனார்கள். கொப்பி அத்தோடு முடிகிறது. கடைசிப் பக்கத்தில், தான் பாவித்த அந்த நாட்களுக்கும் ஹயர் காசு போட்டுக் கூட்டி, வாப்பாவுக்குத் தரவேண்டிய மீதியை எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். வாப்பா அந்தக் காசை வாங்கவில்லை. கொப்பியை மட்டும் கேட்டு வாங்கி வந்தார். ஐயாவும் இல்லை, வாப்பாவும் இல்லை இப்போது. இந்த ஊருக்கு நியமனம் கிடைத்து வந்தபோது, கார் எந்த வளவில் நின்றிருக்கும் என்று கொஞ்ச நாள் தேடித் திரிந்தோம். 2009க்குப் பிறகு இந்த மண்ணில் எந்த இரும்பு எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்? விட்டுவிட்டு வந்த வாகனம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது.

அந்த நிரலை வைத்துக்கொண்டு பரந்தன் அண்ணனிடம் ஒரேயொரு கேள்வி கேட்டோம். கடைசியாக எப்போது ஒழுங்காக ஓட்டினீர்கள்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "2022இல லைனில நிக்க ஏலாமல் விட்டது தம்பி. பிறகு இடைக்கிடை ஸ்ரார்ட் பண்ணி வைக்கிறது" என்றார். நல்ல மனிசன், மறைக்கவில்லை. எங்களிடம் வந்தாலும் அதுதான் நடக்கும். 38,700 ரூபாய்க்குப் பெற்றோல் அடிக்க மாட்டோம். முற்றத்தில் படங்கு போர்த்தி வைத்து, பெருநாளைக்கு ஒருதடவை எடுப்போம்.

அப்படியும் எங்களில் ஒருவருக்கு மனம் விடவில்லை. சரி, யாருக்காக வாங்குகிறோமோ அவரைக் கேட்போம் என்று உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கதவைத் திறந்து இருக்கையைப் பார்த்தார். ஒரு காலை வைத்தார், எடுத்தார்.

"இது காரா, கிணறா மகன்? இதுக்குள்ள இறங்கினா பிறகு என்னைக் கப்பி கட்டித்தான் தூக்கோணும்."

ஆறு சிலிண்டரும் அந்த இடத்தில் அணைந்தன.

கிளினிக் நாளுக்கு ஹயர் பிடித்தால் காத்திருப்பும் சேர்த்து 14,000. வருடம் 168,000. அந்த 28 இலட்சத்தில் பதினாறு வருடத்துக்கு மேல் உம்மாவை ஹயரிலேயே கொண்டுபோய் வரலாம். இரவில் மூச்சிழுப்பு வந்தால் என்ன செய்வது என்பதுதான் எங்களுக்கு இருந்த பெரிய பயம், இப்போதும் இருக்கிறது. சுவசெரிய அம்புலன்ஸ் இருக்கிறது. அதன் இலக்கம் 1990, எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்கத் தேவையில்லாத இலக்கம். ஒருமுறை அழைத்தோம், வந்தார்கள். ஆனாலும் மழைக்காலத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் எது வரும் எது வராது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் கார் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

நகை அலுமாரிக்குத் திரும்பிவிட்டது. கொப்பியில் எழுதாத பக்கங்கள் கனக்க இருக்கின்றன. போன மாதத்திலிருந்து அதில் எங்கள் பஸ் காசு, ஆட்டோக் காசு, ஹயர் எல்லாம் எழுதுகிறோம்.

19 இலட்சத்தோடு இன்னும் ஒன்றரை வருடச் சேமிப்பு சேர்ந்தால் கைக்கு அடக்கமாக ஏதாவது வரலாம். பழைய ஆல்டோ, லீசிங் மிச்சமில்லாதது, இருக்கை உயரமானது, கிளிநொச்சி வவுனியாவுக்குள் யாரிடமாவது இருந்து, அவசரமில்லாமல் விற்கிற எண்ணமும் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். செஃபிரோ அண்ணனும் இதை வாசிப்பார். கோபிக்க வேண்டாம் அண்ணன். வாங்க ஆள் வர முதல் அந்த நாலு ரயரையும் மாத்திப் போடுங்கோ.