விசிட்டிங் கார்டு கொடுக்காத முகாம்

திருவான்மியூர் குப்பத்தில் சட்ட உதவி முகாம் காலை பத்து மணிக்கு என்று நோட்டீஸில் போட்டால், பத்து மணிக்கு அங்கே இருப்பது வக்கீல்களும் ஷாமியானாக்காரரும்தான். படகு கரையேறி, மீன் கைமாறி, வீட்டில் உலை வைத்த பிறகுதான் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பும். முதல் ஆள் தன் விஷயத்தைச் சொல்லவே மாட்டார். "பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஒரு சந்தேகம் சார்" என்றுதான் தொடங்குவார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று கேட்காமல் இருக்கத் தெரிவது இந்தத் தொழிலின் முதல் பாடம்.

அப்புறம் மஞ்சப்பை திறக்கும். ரேஷன் கார்டு நகல், பழைய கரன்ட் பில், வாரியம் கொடுத்த வீட்டு ஒதுக்கீட்டு ஆணை. கிழிந்துவிடக் கூடாதே என்று அந்த ஆணையை லாமினேட் செய்து வைத்திருப்பார்கள். பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் நாளைக்கு அதைச் சான்றாவணமாகக் குறிக்க வேண்டி வந்தால் முத்திரை குத்த இடமிருக்காது. முகாமுக்கு வரும் ஜூனியர் பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதைவிட, "இதையெல்லாம் லாமினேட் பண்ணாதீங்கம்மா" என்று நாலு தெருவில் சொல்லிவிட்டு வந்தால் பயன் அதிகம்.

கதை நாற்பது நிமிடம் ஓடும். கணவர் இறந்தது, மைத்துனர் கையெழுத்து வாங்கியது, தாலுகா ஆபீஸில் அலைந்தது, நடுவில் மகள் கல்யாணம். இதை ஒரு பக்க மனுவாக்குவதுதான் வேலை. யார், எந்தத் தேதி, எந்த அலுவலகம், என்ன வேண்டும். கடைசிக் கேள்வியில்தான் பேனா நிற்கும். "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டால் நஷ்ட ஈடு, வழக்கு என்று ஜூனியர் எதிர்பார்த்திருப்பார். "அந்த ஆபீசர் ஒருவாட்டி நேர்ல வந்து பாக்கணும்" என்று பதில் வரும். அதை அப்படியே வேண்டுகோளாக எழுதத் தெரிந்தவர் வக்கீல். மற்றவர்கள் 'மேற்படி மனுதாரர்' என்று மூன்று பக்கம் நிரப்புவார்கள்.

அதே திருவான்மியூரில் நாலு தெரு தள்ளினால் கேள்வி வேறு. ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்பவர், பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் நிற்பார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அந்த 'ஒழிய'வில்தான் வீட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. 1987-ல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, இலவச வக்கீல் கிடைக்கப் பெண் என்ற தகுதி மட்டுமே போதும். வருமான வரம்பு கிடையாது. மீன்கூடையோடு வந்தவருக்கும் காரில் வந்தவருக்கும் இது பொருந்தும்.

வக்கீல் அலுவலகங்கள் இப்படி மக்களிடம் போவது சென்னைக்குப் புதிதல்ல. ஒருகாலத்தில் அப்படிப் போன ஒருவரின் சங்கத்துக்குத் தடையே வந்தது. 'ராவ் அண்ட் ரெட்டி' வக்கீல் அலுவலகத்தின் வி.ஜி. ராவ், மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பின் பொதுச் செயலாளர். அறிவியல், சமூகவியல், அரசியல் அறிவைப் பரப்புவது அதன் நோக்கம். 1950 மார்ச்சில் மதராஸ் அரசு அந்தச் சங்கத்தைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. ராவ் வழக்குப் போட்டார். அதே ஆண்டு உயர் நீதிமன்றத்தில் வென்றார். அரசு மேல்முறையீடு செய்ய, 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியின் அமர்வு அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அடிப்படை உரிமை மீது போடும் கட்டுப்பாடு நியாயமானதா என்று அளக்க இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

அதே அலுவலகத்தில் தொழில் பழகியவர்தான் கே. சந்துரு, பின்னாளில் நீதிபதி. சென்னையின் குடிசைவாசிகளையும் நடைபாதைவாசிகளையும் அப்புறப்படுத்துவதை எதிர்த்து அவர் தன் பெயரிலேயே உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கும் பம்பாய் நடைபாதைவாசிகளின் 'ஓல்கா டெல்லிஸ்' வழக்கும் 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பாயின. வழக்கின் தலைப்பில் வருவது கட்சிக்காரரின் பெயர். வக்கீலின் பெயருக்கு அங்கே இடமில்லை. ராவ், சந்துரு வழக்குகள் இரண்டிலும் வக்கீலே கட்சிக்காரர்.

இப்படி மக்களிடம் போவதில் இன்று சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 46-ஆம் விதி, வசதியற்றவருக்கு இலவசமாக உதவுவது வக்கீலின் உயர்ந்த கடமைகளில் ஒன்று என்கிறது. 36-ஆம் விதி, நேரடியாகவோ சுற்றி வளைத்தோ விளம்பரம் செய்யாதே, வேலை தேடிப் போகாதே என்கிறது. பெயர்ப் பலகைகூட அளவோடு இருக்க வேண்டும். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையம் வழி ஆள் பிடிக்கும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆக, போகவும் வேண்டும். கடை விரிக்கவும் கூடாது. முகாம் பேனரில் அலுவலகப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு 'சமூக சேவை' என்பவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. குப்பத்துப் பெண்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். மீன் வியாபாரத்தில் தராசைப் பார்த்துப் பழகியவர்கள்.

ஒன்றரை மணிக்கு ஷாமியானா கழற்றுவார்கள். மனு எழுதி வாங்கிய அம்மா போகிற போக்கில் திரும்பி, "உங்க ஆபீஸ் எங்கே இருக்கு சார்?" என்பார். கேட்டவருக்குச் சொல்வது தப்பில்லை என்று வாதாடலாம். ஜூனியரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். சீனியர் அந்த மனு நகலையே திரும்ப வாங்கி, ஓரத்தில் 15100 என்று சட்ட உதவி எண்ணை எழுதிக் கொடுப்பார். அந்த அம்மா அதை மஞ்சப்பையில் போடும்போது, "லாமினேட் பண்ணிடாதீங்க" என்று இன்னொரு முறை சொல்வார்.